முதுமை, மரணம், கடைசிக் காலப் பராமரிப்பு: பெரியவர்களும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவராக இருந்தார். அதன் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டேதான் வருகிறது. ஆனாலும், "உடம்புக்கு முடியாமல் போனால் உங்களுக்கு எப்படிப்பட்ட கவனிப்பு வேண்டும்?" என்று பெற்றோரிடம் கேட்டு வைத்திருக்கும் பிள்ளைகளைக் காண்பது அரிதாகவே இருக்கிறது. கீழே உள்ளவை பெரியவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறையையும் இந்தியச் சட்டத்தையும் ஒட்டி எழுதப்பட்டவை. குறிப்பிட்ட ஒருவருக்கு என்ன செய்வது என்பதை, அவரை நேரில் பார்க்கும் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்மா அடிக்கடி "நான் போய்ச் சேர்ந்தால் போதும்" என்கிறார். இது மனச்சோர்வா?

பெரும்பாலும் இல்லை. கணவரையும் உடன்பிறந்தவர்களையும் தன் வயதுத் தோழிகளையும் ஒவ்வொருவராக வழியனுப்பி வைத்தவருக்குச் சாவு அந்நியமான பேச்சாக இருப்பதில்லை. நடுத்தர வயதினரைவிட முதியவர்களுக்குச் சாவைப் பற்றிய அச்சம் குறைவு என்றே பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் காட்டுகின்றன. "காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது" என்று சொன்ன அதே பாட்டிதான் அடுத்த நிமிடம் பேத்தியின் வளைகாப்புக்கு எத்தனை வகைச் சோறு கிளறுவது என்று கேட்கிறார். டிரங்குப் பெட்டியின் அடியில் தன் கடைசிப் பயணத்துக்கென ஒரு புடவையை மடித்து வைத்து, அதற்குள் காரியச் செலவுக்கான பணத்தைத் துணியில் முடிந்து வைத்து, "எனக்காக யாரும் கடன் வாங்கக் கூடாது" என்று மருமகளிடம் சொல்லி வைக்கும் பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களை நாம் வாழ்க்கையை வெறுத்தவர்கள் என்று சொல்வதில்லை.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. விருப்பமாகச் செய்துவந்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, விடியற்காலை விழித்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, தன்னால்தான் குடும்பத்துக்குக் கேடு என்று திரும்பத் திரும்பச் சொல்வது, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சைக்கு உரிய மனச்சோர்வு; வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும், தமிழக அரசின் 104 சேவையிலும் தமிழில் பேசலாம்.

அப்படியானால் பெரியவர்கள் எதற்குத்தான் அஞ்சுகிறார்கள்?

அவர்கள் வாயிலிருந்து வரும் சொற்களையே கவனியுங்கள். "கை கால் ஓடியாடும்போதே போய்விட வேண்டும்", "படுத்த படுக்கையாகக் கிடக்கக் கூடாது", "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது". மூன்றுமே சாவுக்கு முன்னால் வரும் நாட்களைப் பற்றியவை. தாங்க முடியாத வலி, மலசலத்துக்கு மற்றவர் கையை எதிர்பார்க்கும் கூச்சம், மகன் வாங்கும் கடன், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத அறையில் கிடப்பது ஆகியவைதான் அவர்களை அச்சுறுத்துகின்றன. இவற்றில் ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் செய்வதற்கு ஏதாவது உண்டு என்பதைப் பெரியவர்களும் அறிவதில்லை, குடும்பமும் அறிவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "எனக்கு எந்த வைத்தியமும் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய விருப்பமா, நிலைமை அவரைச் சொல்ல வைக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஓய்வூதியம் வாங்கும் அப்பா ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிப் பேசும் தொனி வேறு. தன் பெயரில் சொத்தோ வருமானமோ இல்லாமல், மாதத்துக்கு ஒரு மகன் வீடு என்று மாறி மாறி இருக்கும் கைம்பெண் தாய் பேசும் தொனி வேறு. அந்தத் தாயின் "வேண்டாம்" என்ற சொல்லை விருப்பம் என்று எழுதிக்கொள்வதற்கு முன், செலவைப் பற்றிய பயத்தை அவர் மனத்திலிருந்து எடுத்துவிட்டு மறுபடியும் கேட்க வேண்டும். பதில் மாறினால் முதலில் சொன்னது அவருடைய விருப்பமே இல்லை.

புற்றுநோய் முற்றிவிட்டது என்று டாக்டர் எங்களிடம் சொல்லிவிட்டார். அப்பாவிடம் மறைத்துவிடலாமா?

மருத்துவரின் அறைக்கு வெளியே மகன் முந்திக்கொண்டு வந்து, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், தாங்க மாட்டார்" என்று கேட்டுக்கொள்வது அன்றாடம் நடக்கிறது. அன்பினால்தான் அப்படிக் கேட்கிறார். ஆனால் அதன் விளைவை அப்பாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். தன் உடம்பு இளைப்பது அவருக்குத் தெரிகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் திடீரென்று வந்து போவது தெரிகிறது. தான் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுவதும் தெரிகிறது. பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவரும் தெரியாதது போலவே இருந்துவிடுகிறார். இப்படி ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பதால், பேச வேண்டியவற்றைப் பேசவும், பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பியைக் கூப்பிட்டுப் பார்க்கவும், குலதெய்வம் கோயிலுக்கு ஒருமுறை போய்வரவும், மகளுக்குக் கொடுக்க நினைத்ததைத் தன் கையாலேயே கொடுக்கவும் அவருக்கு இருந்த காலம் வீணாகிறது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைக்க வேண்டும் என்பது பொருள் இல்லை. "உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், பெரியவனிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய உரிமைதான். அவர் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஒரு பொய் வெளிப்பட்டுவிட்டால், வலி குறையும் என்று அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் அவர் நம்ப மாட்டார்.

இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது?

நோய் முற்றும்வரை காத்திருக்காமல் தொடங்குவது நல்லது. உறவில் ஒரு துக்கத்துக்குப் போய்த் திரும்பும் நேரம் பெரியவர்கள் தாமாகவே பேச்செடுக்கும் நேரம். "கடைசியில் அவரை ரொம்பப் படுத்திவிட்டார்கள்" என்றோ, "கொடுத்து வைத்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார்" என்றோ சொல்வார்கள். பிள்ளைகள் வழக்கமாக "சும்மா இருங்கம்மா, அபசகுனமாகப் பேசாதீர்கள்" என்று வாயடைத்துவிடுவார்கள். அதற்கு மாறாக, "உங்களுக்கு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருக்க விரும்புகிறாரா, நினைவு தப்பினால் யார் முடிவெடுக்க வேண்டும், குழாய்களும் கருவிகளும் எந்த அளவுக்குச் சம்மதம் என்பவற்றுக்கு ஒரே நாளில் விடை கிடைக்காது; விடை பின்னால் மாறவும் செய்யும். மகளிடம் சொல்வதை மகனிடம் சொல்லாத தாய்மார் உண்டு என்பதால், இந்தப் பேச்சு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக நின்றுவிடக் கூடாது.

நோய் ஆதரவு சிகிச்சை என்பது "இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்று கைவிடுவதா?

கைவிடுவதற்கு நேர் எதிரானது அது. பாலியேட்டிவ் கேர் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இச்சிகிச்சை, நோயைக் குணப்படுத்த முடிந்தாலும் முடியாவிட்டாலும், நோயாளியின் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப் புண், தூக்கமின்மை, மன வேதனை ஆகியவற்றைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது. புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் இல்லை. இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், மறதி நோய் ஆகியவற்றுக்கும் பொருந்தும். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கெனத் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் காப்பகம் இத்துறைக்கு வழிகாட்டியது. உடல் வலியோடு மன வலி, குடும்ப வலி, பணக் கவலை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. நமக்கு அருகில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களையே வீட்டுப் பராமரிப்பின் முதுகெலும்பாக ஆக்கிக் காட்டியது. அதன் தொடர்ச்சியாகக் கேரள அரசு 2008இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இச்சேவையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. படுக்கையில் இருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஊரில் இப்படி ஒரு சேவை இருப்பது தெரியாமலேயே மாதக்கணக்கில் படுக்கைப் புண்ணோடு போராடும் குடும்பங்கள் இருப்பது மிகுந்த வருத்தம் தருவது.

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரா? சீக்கிரம் இறந்துவிடுவாரா?

இரண்டும் இல்லை. கடும் வலிக்கு மருத்துவர் அளவு பார்த்துத் தரும் மார்ஃபினால் நோயாளி போதைக்கு அடிமையாவது மிக அரிது. முறையாக அளவு கூட்டப்படும் மருந்து ஆயுளைக் குறைப்பதும் இல்லை. ஊசிதான் என்றும் இல்லை. சாதாரண மாத்திரையாகவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். வலி வந்த பிறகு கொடுக்காமல், வலி எழும்புவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுப்பதுதான் முறை. முதல் சில நாட்கள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருந்து தெளியும். மலச்சிக்கல் மட்டும் விடாது தொடரும் என்பதால் மலமிளக்கியைக் கூடவே கொடுக்க வேண்டும். மூச்சுத்திணறலுக்கும் சிறிய அளவில் இது உதவும்.

1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த கெடுபிடிகளால் பல காலம் மருத்துவமனைகளே மார்ஃபினை வைத்திருக்கத் தயங்கின. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்திருப்பது எளிதாக்கப்பட்டது. எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. மருந்து இருந்தும் ஒரு மூதாட்டி இரவெல்லாம் வலியில் முனகுவதை விதி என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. மார்ஃபின் தரும் மையம் எது என்று மருத்துவரிடம் அழுத்திக் கேளுங்கள்.

ஐசியுவில் வைத்தால் காப்பாற்றிவிடலாம் அல்லவா? வேண்டாம் என்று சொன்னால் பாவம் இல்லையா?

எந்த நோய்க்கு என்பதைப் பொறுத்தே விடை அமையும். நிமோனியா வந்த, மற்றபடி நடமாட்டத்தோடு இருந்த எழுபது வயதுக்காரருக்குச் சில நாள் வென்டிலேட்டர் என்ற செயற்கைச் சுவாசக் கருவி உயிர்காக்கும் சிகிச்சையாக இருக்கலாம். வயதை மட்டும் காரணம் காட்டி அதை மறுப்பது அநீதி. உடலெங்கும் பரவிய புற்றுநோயோடு எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு அதே கருவி, சாவின் காலத்தை நீட்டுவதாக மட்டுமே முடியும். தொண்டைக்குள் குழாய் இருக்கும்வரை பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கப் பெரும்பாலும் மயக்க மருந்து தரப்படும், சில இடங்களில் கைகளைக் கட்டியும் வைப்பார்கள். குடும்பத்தினர் பார்க்க அனுமதிக்கும் நேரமும் சொற்பம். நின்றுபோன இதயத்தை மீட்க நெஞ்சை அழுத்தும்போது மெலிந்த முதியவரின் விலா எலும்புகள் முறிவது சாதாரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், எந்த நிலையில் அந்த முயற்சியைத் தவிர்க்கலாம் என்பதற்கு 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அவர் எந்த நிலையில் வீடு திரும்புவார்?" என்பதே. "வென்டிலேட்டர் போடலாமா?" என்று மட்டும் கேட்டால், எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

நம் ஊரில் வேறொரு நடைமுறையும் உண்டு. "உயிர் வீட்டில்தான் போக வேண்டும்" என்று, ஆக்சிஜன் சிலிண்டரோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டு அழைத்து வந்துவிடுவார்கள். விருப்பம் நியாயமானதே. மருத்துவ ஆலோசனையை மீறிச் சென்றதாக எழுதப்பட்டு, வலிக்கு மருந்தும் இல்லாமல், இரவில் மூச்சு திணறினால் யாரை அழைப்பது என்ற விவரமும் இல்லாமல் அனுப்பப்படுவதுதான் கொடுமை. வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவானால், வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் உரிய மருந்தையும் தொடர்புகொள்ள ஒரு தொலைபேசி எண்ணையும் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறார். பட்டினி போட்டுக் கொல்வது போல இருக்கிறதே?

ஊட்டிவிடுவதையே அன்பின் அடையாளமாகக் கொண்ட வீடுகளில் இதைவிடக் கடினமான நேரம் இல்லை. ஆனால் உயிர் அடங்கும் நாட்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை. சாப்பிடாததால் அவர் இறக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். உடம்பு அடங்கிக்கொண்டிருப்பதால்தான் அவர் சாப்பிடுவதில்லை. அப்போது வலிந்து ஊட்டினால் உணவு மூச்சுக் குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு. முற்றிய மறதி நோயில் மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் பொருத்தி உணவு கொடுப்பதால் ஆயுள் நீள்வதாக ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. விழுங்க முடிகிறவரை கையால், நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் பிடித்ததைக் கொடுப்பதே நல்லது. இரண்டு கரண்டி ரசம் சோறு போதும் என்றால் அதுவே போதும். மனச்சோர்வு, வாய்ப்புண், பொருந்தாத பல்செட் போன்ற தீர்க்கக்கூடிய காரணங்கள் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் விருப்பத்தை எழுதி வைத்தால் சட்டப்படி செல்லுமா?

செல்லும். கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. லிவிங் வில் என்று பரவலாக அழைக்கப்படும் முன்கூட்டிய மருத்துவ உயிலையும் ஏற்றது. அப்போது விதித்த நடைமுறை, மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் உட்பட, யாராலும் எளிதில் நிறைவேற்ற முடியாததாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதை எளிதாக்கியது.

இப்போது, தெளிந்த மனநிலையில் உள்ள எந்த வயதுவந்தவரும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். மீளாத நோயில், தானே முடிவெடுக்க இயலாத நிலையில், எந்தெந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். தனக்காகப் பேசக்கூடிய உறவினர் அல்லது பாதுகாவலர் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். நகல்களை அவர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும், உள்ளாட்சி அமைப்பில் இதற்கென உள்ள அதிகாரியிடமும் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

எழுதியவுடன் யாரும் கருவியை நிறுத்திவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் அடங்கிய முதல் குழு நிலைமையை ஆராயும். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவரும் வேறு இரண்டு நிபுணர்களும் அடங்கிய இரண்டாம் குழு அதைச் சரிபார்க்கும். இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குழுவும் கருத்துச் சொல்ல வேண்டும். செயல்படுத்துமுன் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். குழுக்கள் முரண்பட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். உயில் எழுதாதவர் விஷயத்திலும் குடும்பத்தினரின் சம்மதத்தோடு ஏறத்தாழ இதே வழிமுறை உண்டு. சொத்து உயிலை எழுதி வைப்பவர்கள் அதோடு இதையும் எழுதி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரும் உதவி. அண்ணன் ஒன்று சொல்ல, தம்பி ஒன்று சொல்ல, ஐசியு வாசலில் பிரிந்துபோகும் குடும்பங்கள் இருக்கின்றன.

இது கருணைக்கொலைதானே?

இல்லை. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்தி, வலி நிவாரணத்தைத் தொடர்ந்து, நோய் அதன் போக்கில் முடிய விடுவதைத்தான் சட்டம் அனுமதிக்கிறது. 1973இல் தாக்கப்பட்டு ஏறத்தாழ 42 ஆண்டுகள் உணர்வற்ற நிலையில் கிடந்த மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் வந்த தீர்ப்புதான் இந்த வேறுபாட்டை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவரைப் பராமரித்த மருத்துவமனைச் செவிலியர்கள் சம்மதிக்காததால் அவருக்குச் சிகிச்சை நிறுத்தப்படவில்லை. 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார்.

தென் மாவட்டங்கள் சிலவற்றில் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்கள் கொல்லப்படுவது 2010இல் விருதுநகர்ப் பகுதியிலிருந்து வந்த செய்திகளால் பரவலாக வெளியே தெரிந்தது. "பாட்டியே சம்மதித்துவிட்டார்" என்று சொல்லப்பட்டாலும் அது கொலைதான். வறுமையும் கவனிக்க ஆளின்மையும் சேர்ந்து ஒரு முதியவரைச் சம்மதிக்க வைப்பதை விருப்பம் என்று ஒருபோதும் ஏற்கக் கூடாது. அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

கடைசி நாட்கள் என்று எப்படித் தெரியும்? அப்போது வீட்டில் என்ன செய்வது?

தூக்கம் கூடும், சிறுநீர் குறைந்து நிறம் கறுக்கும், கை கால் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கோழை கறகறவென்று ஒலிப்பது பார்ப்பவர்களைக் கலங்க வைத்தாலும், அந்த அரைமயக்கத்தில் நோயாளிக்கு அது பெரும்பாலும் துன்பம் தருவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ஒலி குறையும். செத்துப்போன தாயோ அண்ணனோ வந்து கூப்பிடுவதாகச் சிலர் சொல்வார்கள். மறுத்து வாதிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் இருங்கள். கண் திறக்காவிட்டாலும் காது கேட்கக்கூடும் என்பதால், அவர் தலைமாட்டில் செலவையோ சொத்தையோ பேச வேண்டாம்.

பால் ஊற்றும் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறவினர் ஒவ்வொருவராக வந்து கரண்டியால் வாயில் பாலோ தீர்த்தமோ ஊற்றும்போது, விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக் குழாய்க்குள் இறங்கிப் புரையேறி, கடைசி மணி நேரத்தைத் திணறலாக்கிவிடும். வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டை ஈரப்படுத்தினால் போதும். வந்தவர்கள் எல்லாருக்கும் முறை கிடைக்கும், அவருக்கும் வறண்ட வாய்க்கு இதமாக இருக்கும். வீட்டில் ஒருவர் இதை முன்னின்று பார்த்துக்கொண்டால் யார் மனமும் கோணாது.

கவனித்துக்கொள்பவர் களைத்துப்போனால்?

பெரும்பாலான வீடுகளில் அந்தச் சுமை மனைவி, மகள், மருமகள் ஆகியோரில் ஒருவர் தோளில் மட்டுமே விழுகிறது. இரவு முறையை ஆண்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வெளியூரில் இருந்து பணம் அனுப்பும் மகன் ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்து அந்த வேலையைத் தானே செய்து பார்க்க வேண்டும். அவரவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரையைவிட, ஓர் இரவு முழுத் தூக்கம் கவனித்துக்கொள்பவருக்குப் பெரிய உதவி.

வீட்டில் இறந்தால் சான்றிதழுக்கு என்ன செய்வது? கண் தானம் செய்யலாமா?

21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரங்களில் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திலும் பதியலாம். நோயின்போது பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்பின் காரணத்தை எழுதி வாங்கிவிட்டால் பின்னால் வங்கி, ஓய்வூதியம், காப்பீடு வேலைகளில் சிக்கல் இராது.

கண் தானத்துக்கு வயது தடையில்லை. கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் கொடுக்கலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் கண் வங்கிக்கு உடனே தகவல் தர வேண்டும். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வையுங்கள். அவர்கள் வந்து எடுத்துச் செல்ல அரை மணி நேரம் போதும். முகத்தில் விகாரம் எதுவும் தெரியாது, சடங்குகள் தடைபடாது. பெரியவர் முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பத்தினர் சம்மதம் தேவை. ஆகவே அவர் எழுதிக் கொடுத்திருப்பதை வீட்டில் எல்லாரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.